மூன்று உரிமமா, ஒன்றா? லண்டனில் சிறிய உணவகத்துக்கு மது உரிமம் எடுப்பது பற்றி

மதுரைவாசி | மார்ச் 2, இரவு 9.40

வணக்கம். வடமேற்கு லண்டனில் 38 இருக்கைகளோடு சிறிய உணவகம் ஒன்றைத் திறக்கப்போகிறேன். குத்தகை கையெழுத்தாகிவிட்டது, அடுப்பும் வந்து இறங்கிவிட்டது. மிச்சம் மது உரிமம்தான்.

ஒரு முகவரைப் பார்த்தேன். உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பரிமாற ஓர் உரிமம், பாட்டிலாக வாங்கிப் போகிறவர்களுக்கு 'ஆஃப் லைசென்ஸ்', பாட்டுக்கு இன்னொன்று என்று மூன்று சொன்னார். அவருடைய கூலியும் சேர்த்து 2,800 பவுண்டு. ஊரில் மன்றத்துக்கு (கிளப்புக்கு) எஃப்.எல்.2 உரிமம், ஓட்டலுக்கு எஃப்.எல்.3 என்று எண் போட்டுப் பிரித்திருப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் இதுவும் எனக்கு இயல்பாகவே பட்டது. "எதற்கும் நாலு பேரிடம் கேளுங்கள்" என்று மனைவிதான் தடுத்தாள்.

என் தேவை இவ்வளவுதான். மதியம் 12 முதல் இரவு 11 வரை பியர், ஒயின், கொஞ்சம் தென்னஞ்சாராயம். வாசல் நடைபாதையில் இரண்டு மேசை. வெள்ளி, சனியில் கொத்துப்பரோட்டா நள்ளிரவு வரை ஓடும் என்று நம்பிக்கை. எந்த உரிமத்தை எடுப்பது?

கல்லாப்பெட்டி | மார்ச் 2, இரவு 10.15

தம்பி, முற்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்த ஆளின் தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள்.

19 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீங்கள் சொன்ன மாதிரி மூன்று உரிமம் கிடையாது. முன்பு நீதவான் மன்றம் கொடுத்துக்கொண்டிருந்ததை 2003ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் கவுன்சிலின் கைக்கு மாற்றியது. அது 2005 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. முதலாவது வளாக உரிமம், இரண்டாவது தனிநபர் உரிமம். 'ஆஃப் லைசென்ஸ்' என்பது பழைய சட்டத்திலிருந்து பேச்சில் தங்கிவிட்ட பெயர். விண்ணப்பத்தில் அது ஒரு பெட்டியில் போடும் சரி அடையாளம், அவ்வளவுதான்.

மணிமேகலை_க்ராய்டன் | மார்ச் 2, இரவு 11.05

கல்லாப்பெட்டி அண்ணா சொன்னது சரி. இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரே படிவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மது விற்பனை என்ற பகுதியில் 'வளாகத்துக்குள் அருந்த', 'வெளியே கொண்டுபோக', 'இரண்டும்' என்று மூன்று பெட்டிகள். உங்களுக்கு 'இரண்டும்' வேண்டும். பாட்டில் விற்பதற்கு மட்டுமில்லை, அந்த இரண்டு நடைபாதை மேசைகளுக்காகவும். விண்ணப்பத்தோடு கொடுக்கும் கடை வரைபடத்தில் உரிம எல்லையாக நீங்கள் இழுக்கும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே வைத்துக் குடிப்பதற்காக விற்றால், சட்டத்தின் கண்ணில் அது வெளியே கொண்டுபோகும் விற்பனை. மேசை போடுவதற்கான நடைபாதை அனுமதியை கவுன்சிலில் தனியாகக் கேட்க வேண்டும்.

கொத்துப்பரோட்டா விஷயத்தை முகவர் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? இரவு 11 மணிக்கு மேல் காலை 5 மணிக்குள் சூடான உணவோ சூடான பானமோ விற்றால் அதற்கும் அனுமதி தேவை. மது இல்லாவிட்டாலும் தேவை. அதே படிவத்தில் 'பின்னிரவுச் சிற்றுண்டி' என்ற பகுதி இருக்கிறது, நிரப்பினால் போதும், தனிக் கட்டணம் இல்லை.

பாட்டு: பின்னணியில் மெல்ல ஒலிக்கும் இசைக்கு கவுன்சில் அனுமதி வேண்டியதில்லை. உள்ளே அருந்த உரிமம் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு நேரடி இசையே நடத்தலாம். பிபிஎல் பிஆர்எஸ் நிறுவனத்திடம் எடுப்பது பாட்டின் பதிப்புரிமைக்கானது. அதைத்தான் மூன்றாவது உரிமம் என்று உங்களிடம் விற்கப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதை இணையத்தில் நீங்களே எடுத்துவிடலாம்.

கட்டணம் உங்கள் கடையின் ரேட்டபிள் வேல்யூவை, அதாவது வணிக வரிக்காகக் கட்டடத்துக்குப் போட்டிருக்கும் மதிப்பைப் பொறுத்தது. எவ்வளவு?

மதுரைவாசி | மார்ச் 2, இரவு 11.30

26,500 பவுண்டு. தனிநபர் உரிமம் பற்றியும் சொல்லுங்கள் அக்கா. முகவரின் பட்டியலில் அது இல்லவே இல்லை.

மணிமேகலை_க்ராய்டன் | மார்ச் 3, காலை 7.20

26,500 என்றால் 'பி' வகை. 4,301 முதல் 33,000 வரை அந்த வகைதான். விண்ணப்பத்துக்கு 190 பவுண்டு, பிறகு ஆண்டுக்கு 180. அதற்கடுத்த 'சி' வகைக்கு 315, 295. வளாக உரிமத்துக்குக் காலாவதி இல்லை. ஆனால் ஆண்டுக் கட்டணத்தை மறந்தால் இடைநிறுத்திவிடுவார்கள்.

தனிநபர் உரிமத்துக்கு ஒரு நாள் வகுப்பு. 40 கேள்விகளில் 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. அந்தச் சான்றிதழ், ஒரு மாதத்துக்குள் எடுத்த குற்றப் பின்னணிச் சான்று, இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமைக்கான சான்று, 37 பவுண்டு. இதை நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலில் கொடுக்க வேண்டும், கடை இருக்கும் கவுன்சிலில் இல்லை. இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. 2015 ஏப்ரலிலிருந்து இதைப் புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை.

பிறகு, வளாக உரிமத்தில் ஒருவரை டி.பி.எஸ். என்று பெயர் குறிப்பிட வேண்டும். மது விற்பனைக்குப் பொறுப்பாளர் அவர். அவரிடம் தனிநபர் உரிமம் இருந்தே ஆக வேண்டும். அது நீங்களாகவே இருப்பது நல்லது. சமையற்காரர் பெயரைப் போட்டுவிட்டு, அவர் கோபித்துக்கொண்டு போன மறுநாள் எனக்குத் தொலைபேசி செய்தவர்கள் உண்டு.

பூனைக்கண் | மார்ச் 3, காலை 8.10

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். உரிமம் எதற்கு?

நான் மூன்று ஆண்டுகள் உரிமமே இல்லாமல் உணவகம் நடத்தினேன். வாடிக்கையாளர்கள் தங்கள் பாட்டிலைத் தாங்களே கொண்டுவருவார்கள். நான் கோப்பையும் ஐஸும் கொடுப்பேன், திறந்து ஊற்றும் கூலியாக மேசைக்கு ஒரு சிறு தொகை வாங்குவேன். மதுவை நான் விற்கவில்லை, ஆகவே உரிமம் வேண்டியதில்லை. பிரிக் லேன் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனையோ கறிக்கடைகள் இப்படித்தான் நடக்கின்றன. முதல் ஆறு மாதம் சாப்பாடு ஓடுகிறதா என்று பாருங்கள். சாப்பாடு ஓடாத கடையை மது தூக்கி நிறுத்தாது.

கல்லாப்பெட்டி | மார்ச் 3, காலை 8.45

சாப்பாட்டில் இலாபம் எவ்வளவு, ஒரு குவளை பியரில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதா? வாடகை கட்டுவதே அந்தக் குவளைதான்.

பூனைக்கண் | மார்ச் 3, காலை 8.52

தெரியும் அண்ணா. அதனால்தான் நான்காவது ஆண்டில் எடுத்தேன். ஆனால் அதற்குள் என் வாடிக்கையாளர் யார், என்ன குடிப்பார், எத்தனை மணிக்கு எழுந்து போவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துத்தான் விண்ணப்பத்தை எழுதினேன்.

வெள்ளைக்கொக்கு | மார்ச் 3, பகல் 1.30

நேரத்தைப் பற்றி ஒன்று. 11 மணி என்று கேட்காதீர்கள். 2 மணி வரை கேளுங்கள். பேரம் பேசி 12 மணிக்கு வருவார்கள். குறைத்துக் கேட்டுவிட்டுப் பின்னால் கூட்டுவது பெரும்பாடு. 89 பவுண்டில் 'சிறு மாற்றம்' என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அதை வைத்து மது விற்கும் நேரத்தை ஒரு நிமிடம்கூடக் கூட்ட முடியாது. முழு மாற்றம் கேட்க வேண்டும், அதற்குப் புது விண்ணப்பத்துக்கான அதே கட்டணம், அதே 28 நாள் காத்திருப்பு.

மணிமேகலை_க்ராய்டன் | மார்ச் 3, மாலை 6.05

கட்டணம் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் பேரம் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் சட்டம் வேறு மாதிரி வேலை செய்கிறது. விண்ணப்பத்தின் மீது 28 நாளுக்குள் யாரும் ஆட்சேபம் எழுதாவிட்டால், கேட்டதைக் கேட்டபடி கொடுக்க கவுன்சில் கடமைப்பட்டது. பிடிக்கவில்லை என்று மறுக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஆக, ஆட்சேபம் வராமல் எழுதுவதில்தான் சூட்சுமம். மாடியில் குடியிருப்பு இருக்கும் தெருவில் 2 மணி என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினால் பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் காவல்துறை வரை எழுதுவார்கள். பிறகு விசாரணை, உபகுழு. மறுத்தால் 21 நாளுக்குள் நீதவான் மன்றத்தில் மேல்முறையீடு. அத்தனை நாளும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. அந்தத் தெரு 'திரள் பாதிப்பு' வட்டாரத்துக்குள் வருகிறதா என்று கவுன்சிலின் உரிமக் கொள்கையில் பாருங்கள். ஏற்கெனவே மதுக்கடைகள் நிறைந்துவிட்டன என்று கவுன்சில் அறிவித்த பகுதி அது. அங்கே ஆட்சேபம் வந்துவிட்டால், இன்னொரு கடையால் கூடுதல் தொல்லை இல்லை என்று காட்டும் பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

வெள்ளைக்கொக்கு | மார்ச் 3, மாலை 6.40

நான் கேட்டேன், கிடைத்தது. என் தெருவில் மேலே வீடுகள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லாப்பெட்டி | மார்ச் 3, இரவு 10.50

கடையைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். நேரத்தைவிட முக்கியமான ஒரு பக்கம் அந்தப் படிவத்தில் இருக்கிறது. நான்கு நோக்கங்களை எப்படிக் காப்பாற்றப்போகிறீர்கள் என்று கேட்கும் பக்கம்: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுப்பது, பிள்ளைகளைப் பாதுகாப்பது. நல்ல பிள்ளை போல எதையாவது எழுதினால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கே எழுதுவதெல்லாம் உரிமத்தின் நிபந்தனையாக மாறும். மீறினால், உரிமம் இல்லாமல் விற்றதற்கு என்ன குற்றமோ அதே குற்றம்தான். எல்லையில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

என் கடையை நான் இன்னொருவரிடம் வாங்கினேன். உரிமத்தைப் பெயர் மாற்ற 23 பவுண்ஸ், டி.பி.எஸ். மாற்ற இன்னொரு 23. மலிவாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். முந்திய முதலாளி தன் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "மது விற்கும் எந்நேரமும் தனிநபர் உரிமம் உள்ள ஒருவர் கடையில் இருப்பார்." சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை. உரிமம் உள்ளவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போனால், கல்லாவில் நிற்கும் பிள்ளை விற்கலாம். ஆனால் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார், அந்த வாக்கு கட்டடத்தோடு எனக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு, மச்சானின் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் கல்லாவில். அன்றைக்குப் பார்த்து அதிகாரி வந்தார். பத்து நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாராம். ஏழாவதில் விரல் நின்றது. எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பினேன். அந்த ஒரு வரியை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே உரிமத்தில் மதுச்செறிவு 6.5 வீதத்துக்கு மேற்பட்ட பியர் விற்கக் கூடாது, தனிக் கேன் விற்கக் கூடாது என்றும் இருக்கிறது. அவை இன்னும் இருக்கின்றன. அவை பொலிஸ் கேட்டவை, அவற்றில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. வாசலில் குந்திக் குடிப்பவர்கள் போய்விட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம்_இளையவர் | மார்ச் 4, காலை 6.55

கடையை உரிமத்தோடு வாங்குகிறவர்களுக்கு என் கதை. விற்றவர் உரிமத்தைத் தன் கம்பெனி பெயரில் வைத்திருந்தார். கணக்குத் தாக்கல் செய்யாததால் அந்தக் கம்பெனியைப் பதிவிலிருந்தே நீக்கியிருந்தார்கள். கம்பெனி கலைந்த அன்றே உரிமமும் செத்துவிடும். 28 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்டால் உயிர்ப்பிக்கலாம். எனக்குத் தெரிய வந்தபோது நாலு மாதம் கடந்திருந்தது. என் சொலிசிட்டர் குத்தகையைப் பார்த்தார், இதைப் பார்க்கவில்லை.

புது விண்ணப்பம் போட்டேன். விற்பனைக்கு வைத்துக் காட்டினாலே குற்றம் என்பதால் பியர் அடுக்குகளையும் விஸ்கி அடுக்கையும் கறுப்புத் துணியால் மூடி ஆணி அடித்தோம். ஆறு வாரம். வருகிற ஆட்கள் எல்லாம் துணியைப் பார்த்துவிட்டு "யார் இறந்தது?" என்று கேட்டார்கள். கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் பார்க்க இரண்டு நிமிடம், காசும் இல்லை.

கிளாஸ்கோ_கிளி | மார்ச் 4, காலை 9.15

ஸ்காட்லாந்தில் இருந்து இதை வாசிப்பவர்கள் கவனிக்க: இங்கே சட்டமே வேறு, 2005ஆம் ஆண்டுச் சட்டம். வெளியே கொண்டுபோகும் விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை மட்டும். ஓர் அலகு மதுவுக்கு 65 பென்ஸுக்குக் குறைத்து விற்க முடியாது. மேலே சொன்ன படிவக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

சங்கச்செயலாளர் | மார்ச் 4, இரவு 8.00

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா, 180 பேர், வாடகை மண்டபம். இரவுணவு டிக்கெட் விலையிலேயே இரண்டு பானமும் அடக்கம். நாங்கள் மதுவை விற்கவில்லை, கொடுக்கிறோம். அப்படியென்றால் ஒன்றும் வேண்டாம்தானே? சங்கத்துக்கே நிரந்தரமாக ஓர் உரிமம் எடுப்போமா என்றும் குழுவில் பேச்சு.

மணிமேகலை_க்ராய்டன் | மார்ச் 4, இரவு 8.35

டிக்கெட்டில் பானம் அடக்கம் என்றால் அது விற்பனைதான் ஐயா. முதலில் மண்டபத்துக்கே உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு, 21 பவுண்டு. ஊழியர்களையும் சேர்த்து 499 பேருக்கு மிகக் கூடாது. நிகழ்ச்சிக்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கொடுத்த நாளும் விழா நாளும் கணக்கில் வராது, வங்கி விடுமுறையும் வராது. தனிநபர் உரிமம் இல்லாத ஒருவர் ஆண்டுக்கு ஐந்து கொடுக்கலாம்.

நிரந்தரமாக என்றால் மன்றச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. குறைந்தது 25 உறுப்பினர், சேர விண்ணப்பித்தவருக்கு இரண்டு நாளாவது கழித்தே உரிமை, இலாப நோக்கம் இல்லை. சொந்தக் கட்டடம் வைத்து வாரம் தோறும் கூடுகிற மன்றங்களுக்குப் பொருந்தும். ஆண்டுக்கு ஒரு விழாவுக்கு அது எதற்கு?

மதுரைவாசி | மார்ச் 10, இரவு 9.10

இன்று விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பிவிட்டேன். முகவர் இல்லை. வரைபடத்தை நானே வரைந்தேன், 1:100. வெளியேறும் வழி, கழிப்பறை, சமையலறை, தீயணைப்புக் கருவி எல்லாம் குறித்தேன். தனிநபர் உரிமம் போன வாரமே கேட்டாகிவிட்டது. தேர்வில் 40க்கு 36. நேரம்: மது 12 முதல் 11 வரை. வெள்ளி, சனியில் சூடான உணவு 12 வரை. உள்ளேயும் வெளியேயும் இரண்டும். வாக்குறுதிப் பக்கத்தில் கல்லாப்பெட்டி அண்ணாவை நினைத்துக்கொண்டு ஆறே வரிதான் எழுதினேன்.

விண்ணப்பித்திருப்பதைச் சொல்லி வாசலில் ஒட்டும் நீலத் தாள் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்?

ஈஸ்ட்ஹாம்_இளையவர் | மார்ச் 10, இரவு 9.25

வெளிர் நீலம். ஏ4 அல்லது அதைவிடப் பெரிது. கறுப்பு எழுத்து, 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. நாளையிலிருந்து 28 நாள், தெருவில் நடப்பவர் நின்று வாசிக்கும்படி. எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சகத்தில் நீலம் தீர்ந்துவிட்டது என்று வெள்ளைத் தாளில் ஒட்டினார். 19ஆம் நாள் கண்டுபிடித்தார்கள், மறுபடி முதலாம் நாள். விண்ணப்பத்தைப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும், அதற்கு 10 வேலை நாள்தான் அவகாசம், மறக்காதீர்கள். தினமும் காலையில் தாளை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மதுரைவாசி | மார்ச் 24, மாலை 5.15

விளம்பரம் வந்துவிட்டது. அந்த நாலு அங்குலப் பெட்டிக்கு விண்ணப்பக் கட்டணத்தைவிட அதிகம் வாங்கிவிட்டார்கள்.

காவல்துறையிலிருந்து மின்னஞ்சல். ஒன்பது நிபந்தனை கேட்கிறார்கள், ஒப்புக்கொண்டால் ஆட்சேபம் இல்லையாம். கேமராப் பதிவு 31 நாள், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாளம் கேட்பது, மறுத்த விற்பனைக்குப் பதிவேடு, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு மட்டும் மது, வெளி மேசை 9.30 வரை, இப்படி. ஒன்பதாவதாக, வெள்ளி சனியில் உரிமம் பெற்ற வாயிற்காவலர் இருவர். 38 இருக்கைக்கு இரண்டு காவலரா? எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடலாமா?

மணிமேகலை_க்ராய்டன் | மார்ச் 24, மாலை 6.00

அவசரப்படாதீர்கள் தம்பி. அது அவர்கள் எல்லோருக்கும் அனுப்பும் பட்டியல். முதல் எட்டும் உணவகத்துக்கு வழக்கமானவை. ஒன்பதாவதுக்கு மரியாதையாக ஒரு பத்தி எழுதுங்கள்: நின்று குடிக்க இடமில்லை, மது சாப்பாட்டோடு மட்டும், ஆகவே காவலர் தேவைப்படாது. 'மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு மட்டும்' என்பதில் மட்டும் கவனம். அப்படியே ஒப்புக்கொண்டால் பாட்டில் வெளியே போகாது. "வளாகத்துக்குள் அருந்தும் மது" என்று அந்த நிபந்தனையைத் தொடங்கச் சொல்லுங்கள். அதோடு "மூடி முத்திரையிட்ட பாட்டில், எடுத்துச்செல்லும் உணவோடு" என்று தனி வரி சேருங்கள்.

கல்லாப்பெட்டி | மார்ச் 24, இரவு 11.00

மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது அவருடைய வரித்துறைப் பதிவு எண்ணைச் சரிபார்த்து விலைப்பட்டியலைக் கோப்பில் வையுங்கள். 2017 ஏப்ரலிலிருந்து, பதிவில்லாதவரிடம் வாங்கிய சரக்கு பிடிபட்டால் சரக்கும் போகும், உரிமமும் மறுஆய்வுக்குப் போகும். வண்டியில் வந்து "அண்ணை, பாதி விலை" என்பவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

மதுரைவாசி | ஏப்ரல் 9, காலை 10.20

28 நாள் நேற்று முன்தினத்தோடு முடிந்தது. ஆட்சேபம் ஒன்றுமில்லை. வாயிற்காவலர் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், எட்டு மட்டும். நீலத் தாளைக் கிழித்தபோது கண்ணாடியில் நாலு மூலையும் பசை. மனைவி சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

உரிமம் வந்ததும் எங்கே மாட்டுவது? சமையலறையில் இடம் இருக்கிறது.

கல்லாப்பெட்டி | ஏப்ரல் 9, காலை 10.45

சமையலறையில் யார் பார்ப்பது? சுருக்கப் பக்கத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். முழு உரிமம் கல்லாவுக்குக் கீழே கோப்பில், நிபந்தனைப் பக்கம் மேலே. கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கு எழுத்தில் அதிகாரம், திகதியோடு, கையெழுத்தோடு.

கொத்து எத்தனை மணி வரை?

மதுரைவாசி | ஏப்ரல் 9, காலை 10.50

12 வரை அண்ணா. கடைசி பியர் 10.40க்கு.